முன்னூற்று முப்பத்தாறு மணி நேரம்

வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடமும், கூட்டக் குறிப்பு நோட்டில் சகாயசெல்வி எழுதியபடி:

திரு. அரசப்பன், உரிமையாளர். ஏ.சி.க்கு நேர் கீழே, சுழல் நாற்காலியில்.
திரு. வேல்முருகன், கொள்முதல். உரிமையாளருக்கு இடப்புறம்.
திரு. சக்கரபாணி, தர மேலாளர். உரிமையாளருக்கு வலப்புறம், ஜன்னலுக்கு முதுகு காட்டி.
திரு. பாலகுரு, வானூர் பூச்சுப் பட்டறை. வாசலோரம், பிளாஸ்டிக் நாற்காலியில்.
ச. சகாயசெல்வி, சோதனைப் பிரிவு. மேசைக் கோடியில், ஸ்டூலில்.

நோட்டில் எழுத முடியாதது ஒன்று இருந்தது. மேசையைச் சுற்றி மெத்தை வைத்த நாற்காலிகள் மூன்று காலியாகவே கிடந்தன. இருந்தும் பாலகுருவுக்கு வாட்ச்மேன் கூண்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவரச் சொன்னது வேல்முருகன். குற்றவாளிக்கு மெத்தை எதற்கு என்று நினைத்திருப்பான். வேல்முருகன் அரசப்பனுக்கு மனைவியின் தம்பி. கொள்முதல் பிரிவுக்கு அவனிடம் இருந்த தகுதி அது ஒன்றுதான்.

கம்பெனியின் பெயர் அரசப்பன் ஏரோ காம்பொனன்ட்ஸ். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் உப்பளங்கள் முடியும் இடத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள். கேட்டுக்கு முன்னால் ஃபைபரில் செய்த போர் விமானம் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பூங்காக்களுக்கு யானைச் சறுக்கு செய்து தருகிற புதுச்சேரிக்காரர் ஒருவர் செய்தது. அதன் பின்பக்கத்தில் யானையின் சாயல் இன்னும் போகவில்லை. போன தை மாதம் மகளுக்குக் காதணி விழா வைத்தபோது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டிய பேனர்களில் அரசப்பன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு நிஜ விமானத்துக்கு முன்னால் நின்றார். கீழே ‘வானம் காக்கும் வள்ளலே’ என்று போட்டிருந்தது.

அந்த வள்ளல் செய்துகொடுப்பது விரல் நீளத்தில், இரண்டு ஓட்டை போட்ட ஓர் அலுமினியப் பிடி. போர் விமானம் மேலே ஏறியதும் சக்கரம் மடங்கி உள்ளே போகும் அல்லவா, அந்த அறைக்குள் எண்ணெய்க் குழாய் ஒன்று ஓடுகிறது. அது அதிராமல் பிடித்துக்கொள்வதற்கு இந்தப் பிடிகள். விமானத்தைப் பெங்களூரில் பூட்டுகிறார்கள். பெங்களூருக்குச் சக்கர அறையைக் கொடுப்பது ஓசூரில் ஒரு கம்பெனி. ஓசூருக்குப் பிடியைக் கொடுப்பது அரசப்பன். அரசப்பன் வெட்டிய பிடியை வாங்கி, அமிலத் தொட்டியில் முக்கி, கரண்ட் விட்டு, உப்புக்காற்று அரிக்காதபடி பூச்சு ஏற்றிக் கொடுப்பது வானூர் பாலகுரு. நாலு இடத்திலும் கேட்டால், நாங்கள் ஃபைட்டர் ஜெட் செய்கிறோம் என்றுதான் சொல்வார்கள். பாலகுருகூட மச்சினிச்சி கல்யாணத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

பூச்சு தாங்குமா தாங்காதா என்று பார்ப்பது சகாயசெல்வியின் வேலை. திண்டிவனத்தில் டிப்ளமா முடித்துவிட்டு ஐந்து வருஷமாக அவள் இதைத்தான் செய்கிறாள். பிடிகளோடு சேர்த்து அதே தொட்டியில் பூச்சு ஏற்றிய ஐந்து தகடுகளை ஒரு பெட்டிக்குள் வரிசையாகச் சாய்த்து வைக்க வேண்டும். பெட்டிக்குள் உப்புத் தண்ணீரைப் பனி மாதிரித் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னூற்று முப்பத்தாறு மணி நேரம், அதாவது பதினான்கு நாள். அதற்குள் தகட்டில் புள்ளி விழாவிட்டால் பூச்சு நல்லது.

இந்த முறை ஒன்பதாம் நாளே இரண்டு தகடுகளில் புள்ளி விழுந்துவிட்டது. அதைச் சொல்லப் போனபோது அரசப்பன் செய்த காரியத்தைத்தான் சகாயசெல்வியால் மறக்க முடியவில்லை. மேசையைத் தட்டி, “ரொம்ப நல்லதாப் போச்சும்மா!” என்றார்.

தான் செய்த பொருள் கெட்டுப்போனதென்று கேட்டுப் பூரித்துப்போன முதலாளியை அவள் அதுவரை பார்த்ததில்லை. காரணம் புரிய அரை நாள் ஆயிற்று. ஓசூருக்கு நானூறு பிடிகள் போயிருக்க வேண்டும். வெட்டி முடித்தது இருநூற்று ஐம்பது. வேல்முருகன் சென்னையில் விலை குறைவு என்று வாங்கி வந்த வெட்டுளிகள் மெஷினில் உட்காரவே இல்லை. அவற்றை மாற்றி வருவதற்குள் மூன்று வாரம் மெஷின் சும்மா நின்றது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஓசூரிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆளே வருகிறது. இந்த நேரத்தில் பூச்சு கெட்டது என்றால், மூன்று வாரத்தையும் தூக்கி வானூர்க்காரன் தலையில் வைத்துவிடலாம். அறிக்கையில் சோதனைப் பிரிவின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால் பாலகுருவின் பட்டறை ஓசூரின் பட்டியலிலிருந்து போய்விடும். ஓசூர் நீக்கிய பட்டறையை வேறு யாரும் சேர்ப்பதில்லை. கூட்டம் அதற்காகத்தான்.

“எழுதினியாம்மா?” என்றார் அரசப்பன். “சப்ளையரோட பூச்சுல குறைபாடு, அதனால டிலேன்னு எழுது.”

“அண்ணே,” என்று பாதி எழுந்தான் பாலகுரு. “பன்னெண்டு வருசமா எங்க தொட்டியில போட்ட ஒரு பீஸு திரும்பினது இல்லண்ணே.”

“இப்ப திரும்பிடுச்சி இல்ல?” என்றான் வேல்முருகன். “தகடைப் பாருய்யா. அம்மை போட்டாப்புல கீது.”

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெங்களூர்ல நாங்க இருந்த காலத்துல இந்த மாதிரி வெண்டரை கேட்டுக்குள்ளயே விட மாட்டோம்.”

பெங்களூரில் அவர் இருந்தது ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில். முப்பது வருஷம் கையுறையும் கைகழுவும் சோப்பும் எண்ணிக் கொடுத்தவர். விமானத்தை அவர் பார்த்ததெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் தலைக்கு மேலே போகும்போதுதான். அந்த முப்பது வருஷத்தை அரசப்பன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்.

சகாயசெல்வி ஐந்து தகடுகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

“சார், ஒரு சந்தேகம். அஞ்சுமே ஒரே தொட்டியில ஒரே நேரத்துல பூசினது. பூச்சு சரியில்லன்னா அஞ்சும் கெடணும். நடுவுல நின்ன ரெண்டுதான் கெட்டிருக்குது. அதுவும் பாருங்க, மேலேர்ந்து கீழ ஒரே கோடு. பனி அடிச்சா இப்படி விழாது. ஏதோ சொட்டியிருக்குது.”

“அதெல்லாம் ரிப்போர்ட்டுல வேணாம்,” என்றார் சக்கரபாணி.

“எனக்கு ஜுரம் வந்து ரெண்டு நாள் லீவு போட்டேனே, அப்ப உப்புக் கரைசல் யார் கலந்தது?”

“நான்தான்,” என்று வேல்முருகன் நெஞ்சை நிமிர்த்தினான். “டப்பா உப்பு தீந்துபோச்சி. மெட்ராஸ்காரன் நாலு நாளு ஆவும்னான். ஏம்மா, மரக்காணத்துல உக்காந்துகினு மெட்ராஸ்லேர்ந்து உப்பு வாங்கினா நாலு பேரு காறித் துப்ப மாட்டான்? நம்ம அறிவழகன் அளத்துல ஒரு மூட்டை தூக்கியாந்தேன். பேரல் நெறைய கலக்கி வச்சிட்டேன், பதினாலு நாளைக்கும் வரும்.”

“பாத்தீங்களா சார்?” என்று அரசப்பன் சக்கரபாணி பக்கம் திரும்பினார். “தேசத்துக்கு நம்ம மண்ணோட உப்பு. இதை ஓசூர்காரன் வந்தா சொல்லணும்.”

சகாயசெல்வி பேனாவை மூடினாள். “அஞ்சு நிமிஷம் சார்,” என்று சொல்லிவிட்டு சோதனை அறைக்குப் போனாள்.

மூட்டை மேசைக்கு அடியில்தான் இருந்தது. வாய் கட்டாமல், ஓரமெல்லாம் ஈரம் கசிந்து. அவள் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். அம்மா சவரியம்மாளோடு எத்தனையோ கோடை விடுமுறைக்கு உப்பு வாரியவள் அவள். பாத்தியில் முதலில் விளைவது உப்பு. அதை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் போட்டு வைத்தால் கடைசியில் அதுவும் வெள்ளையாகத்தான் உறையும், பார்த்தால் உப்பு மாதிரியேதான் இருக்கும். கருவாட்டுக்காரர்கூட அதைத் தொட மாட்டார். பருவம் முடிகிற நேரத்தில் அளத்துக்காரர்கள் அதைத் தனியாகக் குவித்துவைப்பார்கள். ஓசி என்று கேட்டு வருகிறவனுக்கு வேறெதைக் கொடுப்பார்கள்?

நாக்கு சுருங்கியது. துப்பினாள்.

பேரலின் மூடியைத் திறந்தாள். அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு. சோதனைப் பெட்டியைத் திறந்து, பனி தெளிக்கிற மூக்கைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டு, பாதி வழிதான் இருந்தது. பனிக்குப் பதிலாகத் துளி விழுந்தது. நடுவில், நேர் கீழே, இரண்டு தகடுகள் இருந்த இடத்தில். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்குப் பதினோரு சொட்டு. போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

இதுவரைக்கும் அவளுக்கு ஒருவித உற்சாகமாகவே இருந்தது. வேல்முருகன் இவ்வளவு வசமாக மாட்டுவான் என்று அவள் நினைக்கவில்லை. பிறகுதான் சுவரில் தொங்கிய தினசரித் தாளைப் பார்த்தாள். ‘கரைசல் திறந்து பார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில், நாலாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை ஆறு டிக். ஆறின் பக்கத்திலும் ச.செ., ச.செ. என்று அவளுடைய சுருக்கொப்பம், திருத்தமாக, அச்சு மாதிரி. ஆறு நாளில் ஒரு நாள்கூட அவள் மூடியைத் திறக்கவில்லை. வெளியே இருக்கிற கண்ணாடிக் குழாயில் மட்டம் மட்டும் பார்த்துவிட்டு டிக் போட்டிருந்தாள். ஐந்து வருஷமும் அப்படித்தான்.

தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் கொஞ்சம் உப்பையும் மடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

வந்து பார்த்தால் பாலகுரு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் டீ. முகத்தில் அழுகை வந்து பாதியில் நின்ற களை போய், பந்தியில் முதல் வரிசையில் இடம் கிடைத்தவன் மாதிரி ஒரு தெளிவு.

“சார், இந்தச் சோதனை செல்லாது,” என்றாள் நின்றபடியே. “உப்பு கசப்பு உப்பு. மூக்கு அடைச்சிகிட்டு சொட்டியிருக்குது. சர்டிபிகேட்டோட வர்ற உப்பு வாங்கி, முதல்லேர்ந்து பதினாலு நாள் ஓட்டணும்.”

“ஏம்மா, உப்புன்னா உப்பு,” என்றார் சக்கரபாணி. “ஸ்டாண்டர்டுல சோடியம் குளோரைடுன்னு போட்டிருக்கு. கடல் உப்பு மட்டும் சர்க்கரையா?”

அவள் காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். “ஒரு கல்லு வாயில போட்டுப் பாருங்க சார்.”

சக்கரபாணி உப்பைப் பார்த்தார். அரசப்பனைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முப்பது வருஷ அனுபவம் ஒரு உப்புக் கல்லுக்கு முன்னால் அவ்வளவுதான் நின்றது.

“விடுங்கம்மா,” என்றது பாலகுருவின் குரல். “அண்ணன் ஒரு வழி சொல்லிட்டாரு.”

“என்னா வழி?”

“தப்பு எங்களுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். பட்டறை பேரை எடுத்துடுவாங்க, எடுக்கட்டும். வூட்டுக்காரி பேர்ல புதுசாப் போட்டுக்கறது. தையல்நாயகி சர்ஃபேஸ் கோட்டிங். போர்டு மட்டும்தான மாத்தணும்? அண்ணனே ஆர்டர் தர்றேன்னிட்டாரு.”

காலையிலிருந்து இந்த ஆளுக்காகத்தான் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு பீஸு திரும்பாத தொட்டியை ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் கைகழுவிவிட்டு, போர்டின் நிறம் எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

“அந்த இருநூத்தம்பது பீஸு?” என்று கேட்டாள்.

“உரிச்சிட்டு மறுபடி பூசிடுவாரு,” என்றார் அரசப்பன்.

“உரிச்சா பூச்சோட அலுமினியமும் கரையும் சார். ஓட்டை பெருசாயிடும். போல்ட்டு உள்ள ஆடும்.”

“தலமுடி அளவு ஆடும்,” என்றான் வேல்முருகன். “அந்த ஓட்டை வழியா பைலட்டு இன்னா கீழ வுழுந்துடுவானா?”

சிரித்தார்கள். பாலகுருவும் சிரித்தான். எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மெத்தையில் உட்கார்ந்தவன் மெத்தையில் உட்கார்ந்தவர்களோடு சிரிக்க வேண்டும் என்று நினைத்திருப்பான்.

அரசப்பன் சிரிப்பை முடித்துக்கொண்டு, அன்பாகப் பேசுகிற குரலுக்கு மாறினார். காதணி விழாவில் மைக் பிடித்தபோதும் அதே குரல்தான். “செல்வி, ஒங்க அம்மா அளத்துல காஞ்சி கெடந்தாங்க. நீ ஏ.சி. ரூம்ல உக்காந்து ஃபைட்டர் ஜெட்டுக்கு கையெழுத்து போடற. நாளைக்குப் பத்து மணிக்கு ரிப்போர்ட்டு என் டேபிள்ல இருக்கணும். முடியலன்னா சொல்லிடு. டேட்டா என்ட்ரி ரேகாவுக்கு ஒரு வாரம் சொல்லிக் குடுத்தா அது டிக் போட்டுட்டுப் போவுது.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. அவர் தெரிந்து சொல்லவில்லை. ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

அவள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டியை மரக்காணம் நூலகத்தின் முன்னால் நிறுத்தினாள். மெயில் அனுப்பலாம்தான். ஆனால் கம்பெனி மெயில் எல்லாம் வேல்முருகன் அறையில் திறந்து பார்க்கப்படுகிறது. சொந்த மெயிலில் போனால் ஓசூரில் எந்தக் குப்பைக்குள் போய் விழும் என்று தெரியாது. கையெழுத்திட்ட கடிதம் போனால் அங்கே வரவுப் பதிவேட்டில் ஏற்றி நம்பர் போடுவார்கள். நம்பர் விழுந்த கடிதத்தைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நூலகத்தில் பேப்பர் படிக்கிற மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதி, ஒன்று முதல் நம்பர் போட்டுக்கொண்டு போனாள்.

‘1. மேற்படி சோதனையின் இரண்டாம் நாளில், சான்றிதழ் இல்லாத உப்பள உப்பு, அதுவும் பருவக் கடைசியில் ஒதுக்கப்பட்ட கசப்பு உப்பு, கரைசலில் கலக்கப்பட்டது. கலந்தவர் கொள்முதல் பிரிவு திரு. வேல்முருகன்.

2. அதனால் தெளிப்பு மூக்கு அடைபட்டு, நிமிடத்துக்குப் பதினோரு சொட்டு வீதம் 3, 4 எண் தகடுகள் மீது விழுந்தது. புகைப்படம் இணைப்பு.

3. பூச்சில் தவறு தன்னுடையதே என்று வானூர் திரு. பாலகுரு எழுதிக் கொடுத்திருப்பது சோதனையைப் பார்த்து எழுதியது அல்ல.

4. வழங்கலில் ஏற்பட்ட மூன்று வாரத் தாமதத்துக்கும் பூச்சுக்கும் சம்பந்தம் இல்லை.’

ஐந்தில் பேனா நின்றது. நாலோடு முடித்திருந்தால் அது ரொம்ப அழகான கடிதம். நாலு பேருடைய யோக்கியதையும் நாலு பத்தியில் வந்துவிட்டது. எழுதியவள் மட்டும் உப்பில்லாமல், தூசியில்லாமல், மேலே நின்றுகொண்டிருந்தாள். தினசரித் தாளை எடுத்து எதிரில் வைத்தாள். இதை இணைக்காமல் அனுப்பினால், அடுத்த கூட்டத்தில் தனக்கும் ஒரு மெத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

‘5. நாலாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை கரைசலைத் திறந்து பார்த்ததாகத் தினசரித் தாளில் ஆறு முறை குறித்தவள் நான். ஒரு முறையும் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாலாம் நாளே தெரிந்திருக்கும். முந்தைய சோதனைகளிலும் இதே வழக்கம்தான். தாளின் நகல் இணைப்பு.

6. ஆகவே இந்த இருநூற்று ஐம்பது பிடிகளின் பூச்சு நல்லதா கெட்டதா என்பது இன்றைய தேதியில் எவருக்கும் தெரியாது. தெரியும்வரை அவற்றை உரிக்கவோ விமானத்தில் பூட்டவோ வேண்டாம். சான்றிதழ் பெற்ற உப்பில், முன்னூற்று முப்பத்தாறு மணி நேரம், உங்கள் ஆள் முன்னிலையில் மறுபடி ஓட்டிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

கையெழுத்தைச் சுருக்காமல் முழுப் பெயரில் போட்டாள். ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்தாள். புகைப்படத்துக்கு அங்கேயே பிரிண்ட் போட்டாள். தபால் ஆபீஸ் படியில் கால் வைக்கும்போது போன் அடித்தது. பாலகுரு.

“எம்மா, ஓசூருக்கு எதுனா எழுதறியா? மூஞ்சே சரியில்லியே, அதான் கேக்கறேன்.”

“எழுதிட்டேன்.”

“அய்யய்யோ! வாணாம்மா! வூட்டுக்காரி பேர்ல பேப்பரெல்லாம் ரெடி பண்ண குடுத்துட்டேன். நீ பூச்சு நல்லாத்தான் இருக்குன்னு எழுதி, அண்ணன் கோவிச்சிகினு…”

“உங்க பூச்சு நல்லாருக்குன்னு நான் எழுதல.”

பன்னிரண்டு வருஷத்துக் கோபமும் இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, “ஏன், எம் பூச்சுக்கு என்னா கொறச்சல்?” என்றான்.

“தெரியாதுன்னு எழுதியிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கவுன்டரில் இருந்த பெண் ஸ்பீடு போஸ்ட் சீட்டை நீட்டினாள். சகாயசெல்வி இணைப்புகளை மூன்று தடவை எண்ணி உள்ளே வைத்து, பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு உறையின் வாயை ஒட்டி, ஓரம் பிரியாமல் உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினாள்.

“ஓசூரா? ரெண்டு நாள்ல போயிடும்,” என்றாள் கவுன்டர் பெண், உறையை எடைமெஷினில் வைத்து. “உள்ள என்னா, பேப்பர்தான?”

“பேப்பர்தான்.”

நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரை குத்தி, ரசீதை இந்தப் பக்கம் தள்ளி, உறையைப் பின்னால் திரும்பிப் பார்க்காமலே திண்டிவனம் போகிற தபால் பைக்குள் போட்டாள்.